மூஸ் வேட்டைக்குப் போன இடத்தில் வண்டி படுத்தால்: வடக்கு ஒன்ராறியோக் காட்டுக்கான முழுமையான வழிகாட்டி

ஒக்ரோபர் நடுப்பகுதி, பின்னேரம் ஐந்தரை மணி. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடப் போன பயணம். ஹேர்ஸ்ற் நகரைத் தாண்டி மேற்கே வந்து, நெடுஞ்சாலை 11 ஐ விட்டு இறங்கி, மரலொறிகள் ஓடும் மண்பாதையில் 38 ஆவது கிலோமீற்றர் பலகையையும் கடந்து, அதிலிருந்து பிரிந்த ஒரு பழைய கிளைப்பாதையில் நின்றுகொண்டிருந்தோம். பீவர் கட்டிய அணையால் தண்ணீர் பாதைக்கு மேலாக வழிந்தது. இருபதடி அகலம் இருக்கும். அடியில் சரளைக்கல் தெரிந்தது.

“இறங்கி ஒரு தடியால குத்திப் பாத்திட்டுப் போவம்” என்றார் அண்ணை.

நான் இறங்கவில்லை. சப்பாத்து நனையும் என்ற பஞ்சிதான். முன்சில்லுகள் கரையேறிவிட்டன. பின்சில்லு இரண்டும் சரளைக்குக் கீழே இருந்த களியில் இறங்கின. அப்போதே அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்திருந்தால் அரை மணி நேர வேலை. நான் இன்னும் அமத்தினேன். பத்து விநாடிதான் சுழன்றிருக்கும், பின் அச்சு தண்ணீருக்குள் போய்விட்டது. அந்தப் பத்து விநாடிக்குப் பதினெட்டு மணி நேரம் கொடுத்தோம்.

கீழே எழுதியிருப்பதில் பாதி அந்த இரவில் படித்தது. மீதி அண்ணையிடமிருந்து வந்தது. அவர் இலங்கையின் வடக்கே பரந்தன் பக்கம் லான்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரங்களைத் திருத்தியவர். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வன்னியில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஆள். உதிரிப்பாகம் கிடைக்காத இடத்தில் வண்டியை எப்படி நகர்த்துவது என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

புறப்பட ஒரு கிழமைக்கு முன்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து ஹேர்ஸ்ற் 900 கிலோமீற்றருக்கு மேல். அங்கிருந்து மேற்கே லோங்லாக் என்ற ஊர் வரை இன்னும் 200 கிலோமீற்றருக்கு மேல், இடையில் கராஜ் என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. ஆகவே வண்டியை வீட்டு வாசலில் வைத்தே சோதிக்க வேண்டும். ஒயில் மாற்றினோம், போதும் என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம். நான் பார்க்கச் சொல்வது வேறு.

முதலாவது ஸ்பெயர் ரயர். பிக்கப் வண்டிகளில் அது பின்பக்கத்துக்குக் கீழே ஒரு கம்பிக் கயிற்றில் தொங்கும். இங்கத்தைய குளிர்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு அந்தக் கயிற்றையும் அதன் சுற்றியையும் துருப்பிடிக்கவைத்துவிடும். ஐந்து வருடம் யாரும் தொடாத ஸ்பெயர், காட்டில் இறங்காது. வாசலில் ஒருதடவை இறக்குங்கள். அதை இறக்கும் நீட்டுக்கம்பி இருக்கையின் பின்னால் இருக்கிறதா, அலாய் றிம்முக்குப் பூட்டு நட் போட்டிருந்தால் அதன் சாவி இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய வண்டி வாங்கியவர்களுக்கு இந்த இரண்டில் ஒன்று கட்டாயம் இல்லாமல் இருக்கும். ஸ்பெயரில் காற்று இருக்கிறதா என்பதைச் சொல்லவே தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

இரண்டாவது பற்றறி. நான்கு வருடம் தாண்டியிருந்தால் கடையில் கொடுத்துச் சோதியுங்கள். குளிரில் பற்றறி தன் பலத்தை இழக்கும்; மைனஸ் 18 பாகையில் பாதிக்கும் மேல் போய்விடும். அதே குளிரில் ஒயிலும் தடித்துவிடுவதால் எஞ்சினைச் சுற்றக் கூடுதல் பலம் வேண்டும். ஸ்காபரோவில் ஒழுங்காக ஸ்ரார்ட் வந்த வண்டி, ஹேர்ஸ்ற் காட்டில் விடியற்காலை ‘டிக்’ என்று ஒரு சத்தத்தோடு நிற்பதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது பாரம். சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஒட்டி இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்த்து ஆகக்கூடியது எத்தனை கிலோ ஏற்றலாம் என்று அதில் எழுதியிருக்கும். ‘அரைத்தொன்’ என்று பெயர் சொல்லும் சாதாரணப் பிக்கப்பில் அது 700, 800 கிலோ அளவில் வரும். நான்கு பேரே 350 கிலோ. கூடாரம், பெற்றோல் கான், சாப்பாட்டுப் பெட்டி. இதற்கு மேல் ஒரு மூஸின் இறைச்சி 200 கிலோவுக்கு மேல் வரும். போகும்போது சரியாக இருந்த வண்டி, திரும்பும்போது பின்பக்கம் தாழ்ந்து, முன் லைற் மரங்களின் தலையைப் பார்த்துக்கொண்டு வரும். அந்தப் பாரத்தோடு குழியில் விழுந்தால் ஸ்பிரிங் முறியும். ஒரு ட்ரெய்லர் எடுத்துப் போவது நல்லது. அதற்கும் ஒரு ஸ்பெயர் சில்லு வேண்டும்.

சாவியை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று ஓட்டுகிறவரிடம், மற்றது வேறொருவரின் உள்சட்டைப் பையில், ஊசிப்பின் குத்தி. சதுப்பில் விழுந்த சாவியைத் தேடிய ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு நாள் முழுக்கத் தேடினார். றிமோட் சாவிக்குள் இருக்கும் நாணய அளவுப் பற்றறியும், அநேகமாக சிஆர்2032, ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

பெட்டியில் என்ன இருக்கவேண்டும்

நீண்ட பட்டியல்கள் நிறைய உண்டு. நான் ஒரு மஞ்சள் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் அடங்குவதை மட்டும் கொண்டுபோகிறேன்: 12 வோல்ற் காற்றுப் பம்ப், ரயருக்குள் குத்தும் ஒட்டுத்திரிகள், காற்று அளக்கும் கருவி, லித்தியம் ஜம்ப் பெட்டி, ஜம்பர் கேபிள், ஃபியூஸ்கள், இரண்டு கூலன்ற் கான், ஒரு கலன் ஒயில், தன்னோடு தானே ஒட்டும் சிலிக்கன் நாடா, எப்பொக்சிக் களி, இரும்புக் கம்பி, பிளாஸ்ரிக் கட்டுகள், ஒரு கட்டிச் சவர்க்காரம். சவர்க்காரம் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

பெட்டிக்கு வெளியே: நீட்டுப்பிடி மண்வெட்டி, கோடரி, கைவாள், இரண்டடி நீளத் தடித்த பலகை, இழுக்கும் பட்டி, தாங்கும் பார அளவு பொறித்த இரண்டு ஷக்கிள் (பட்டியைக் கொளுவும் இரும்பு வளையம்), கையால் இழுக்கும் வின்ச், சில்லுக்குக் கீழே போடும் பிளாஸ்ரிக் தட்டுகள் ஒரு சோடி. 20 லீற்றர் பெற்றோல். ஆளுக்கொரு நித்திரைப் பை, வண்டியை விட்டு ஒரு மணி நேரம்தான் போகிறோம் என்றாலும்.

யாரிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது

கைத்தொலைபேசி நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய சில நிமிடங்களில் உயிரை விட்டுவிடும். ஆகவே வீட்டில் ஒருவரிடம் ஒரு தாள் இருக்கவேண்டும். வண்டியின் நிறம், இலக்கத் தகடு, எந்தப் பாதையில் எத்தனையாவது கிலோமீற்றரில் முகாம், கூகிள் வரைபடப் புள்ளி, எத்தனை பேர், எந்த நாள் எத்தனை மணிக்குள் அழைப்போம். ஆக முக்கியமானது கடைசி வரி: “இந்த நேரத்துக்கு மேல் அழைப்பு வராவிட்டால் பொலிசுக்குச் சொல்.” அந்த நேரம் எழுதாவிட்டால் வீட்டிலிருப்பவர் விடியும்வரை யோசித்துக்கொண்டு இருப்பார். ஒன்ராறியோவில் காட்டில் காணாமல் போனவர்களைத் தேடுவது மாகாணப் பொலிஸ். அவர்களின் இலக்கம் 1-888-310-1122; தாளிலேயே எழுதிவையுங்கள்.

இப்போது நான் கார்மின் இன்றீச் கருவி ஒன்றும் கொண்டுபோகிறேன். அது இரிடியம் செய்மதிகள் மூலம் செய்தி அனுப்பும், எஸ்ஓஎஸ் பொத்தானும் உண்டு. ஐபோன் 14 உம் அதற்குப் பிந்தியவையும் கனடாவில் செய்மதி வழியே அவசர உதவி கேட்கும். இரண்டுக்கும் திறந்த வானம் வேண்டும். அடர்ந்த ஸ்புரூஸ் மரங்களுக்குள் நின்று அனுப்பினால் போகாது. பாதை நடுவுக்கோ மரம் வெட்டிய வெளிக்கோ வாருங்கள்.

பாதையில்

கடைசி ஊரில் தாங்கியை நிரப்புங்கள், அரைவாசி இருந்தாலும். மரலொறிக்கு வழி விடுங்கள், அது உங்களுக்காக நிற்காது. மதகு உள்ள இடங்களில் மெதுவாகப் போங்கள். பழைய மதகுகள் மேலே சரியாகத் தெரிந்தாலும் கீழே மண் அரித்துப் போயிருக்கும். தண்ணீர் பாதைக்கு மேலால் போனால் ஒருவர் இறங்கித் தடியோடு நடந்து பார்க்கவேண்டும். முழங்கால் அளவைத் தாண்டினாலோ, தடி இலேசாக உள்ளே போனாலோ திரும்புங்கள்.

இன்னொன்று. வண்டியை நிறுத்தும்போதே மூக்கு வெளியேறும் பக்கம் பார்த்திருக்கட்டும். இருட்டில், மழையில், களைத்த கையோடு ஒடுங்கிய பாதையில் பின்னுக்கு எடுத்துத் திருப்பப்போய்ப் பாதையோரக் கானுக்குள் விட்ட கதைகள் எத்தனையோ.

நின்றுவிட்டது: முதல் அரை மணி நேரம்

1. காலை எடுங்கள். சில்லு ஒருதடவை வெறுமனே சுழன்றால் போதும், நிறுத்துங்கள். எஞ்சின் சூட்டு முள் ஏறினாலும் ஒயில் விளக்கு எரிந்தாலும் அதே கதை. அடுத்த வளைவு வரை போகலாம் என்ற எண்ணம்தான் திருத்தக்கூடிய பிழையைத் திருத்த முடியாததாக ஆக்குவது.

2. துவக்குகளைப் பாருங்கள். ரவையை எடுத்து, உறைக்குள் போட்டு, வேலை நடக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். எப்படியும் ரவை போட்ட துவக்கு வண்டிக்குள் இருப்பது ஒன்ராறியோவில் குற்றம். சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு அது உறைக்குள்ளும் இருக்கவேண்டும்.

3. மணியைப் பாருங்கள். ஒக்ரோபர் நடுவில் அந்தப் பக்கம் மாலை ஏழுக்கு முன்பே சூரியன் போய்விடும். வெளிச்சம் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் அதை வண்டிக்குச் செலவழிக்காதீர்கள். விறகுக்கும் படுக்கைக்கும் செலவழியுங்கள்.

4. நனைந்த உடுப்பை மாற்றுங்கள். இதைத்தான் எல்லோரும் விடுவது. வேலை செய்யும்போது குளிராது, நிறுத்தியதும் உடம்பு நடுங்கத் தொடங்கும். நடுங்குகிற விரலால் நட் பூட்ட முடியாது. எங்கள் மச்சான் அன்றைக்கு நனைந்த ஜீன்ஸோடு ஒரு மணி நேரம் மண் வெட்டினான். பிறகு அவனைச் சூடாக்குவதே ஒரு தனி வேலையாகிவிட்டது.

5. செய்தி அனுப்புங்கள், இன்னும் ஆபத்து இல்லாவிட்டாலும். “வண்டி சேற்றில் தாண்டுவிட்டது, மூவரும் சுகம், இரவு இங்கேதான், நாளை 10 மணிக்கு அடுத்த செய்தி.”

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பொனெற்றைத் திறப்பது.

சேற்றில் தாண்டால்

வண்டியின் வயிறு மண்ணில் அமர்ந்திருக்கிறதா என்று படுத்துப் பாருங்கள். அமர்ந்திருந்தால் சில்லுகள் எவ்வளவு சுழன்றும் பயனில்லை, முதலில் வயிற்றுக்குக் கீழே மண்ணை எடுக்கவேண்டும். பிறகு, வந்த வழியே பின்னுக்கு எடுப்பதா, முன்னுக்கா என்று முடிவுசெய்யுங்கள். வந்த தடம் ஏற்கனவே வண்டியைத் தாங்கிய மண். பெரும்பாலும் அதுதான் சரியான திசை. அந்தத் திசையில் ஒவ்வொரு சில்லுக்கும் முன்னால் சரிவாக வெட்டுங்கள், செங்குத்தாக அல்ல.

ரயர்க் காற்றை 35 பிஎஸ்ஐயிலிருந்து 20 க்கு இறக்குங்கள். ரயர் தட்டையாகி மண்ணைக் கூடுதலாகப் பிடிக்கும். 15 க்குக் கீழே போனால் ரயர் றிம்மிலிருந்து கழரலாம். பிளாஸ்ரிக் தட்டு இல்லாவிட்டால் ஆல்டர் பற்றைகளை வெட்டிக் குறுக்காக அடுக்குங்கள். நாலு சில்லு இழுவையைத் தாழ் கியரில் போட்டு, இலேசாக, சில்லு சுழலாமல். தட்டுக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது. அது பறந்துவரும்.

ஜக் வைப்பதானால் கீழே அந்த இரண்டடிப் பலகை. அது இல்லாமல் வைத்தால் வண்டி மேலே வராது, ஜக்தான் கீழே போகும்.

இழுப்பது பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ட்ரெய்லர் கொளுவும் உருண்டையில் பட்டியைப் போட்டு இழுக்காதீர்கள். அது உடைந்து கண்ணாடிக்குள்ளால் வந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. சட்டகத்தில் உள்ள இழுவைக் கொக்கியிலோ, ட்ரெய்லர் குழாய்க்குள் போடும் அளவு பொறித்த ஷக்கிளிலோதான் கொளுவவேண்டும். வின்ச் கம்பிக்கு மேல் ஒரு பாரமான ஜக்கெற்றைப் போடுங்கள், அறுந்தால் அது கம்பியைக் கீழே அமத்தும். பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும். மரத்தில் கட்டும்போது அகலப் பட்டியைப் பாவியுங்கள், அடிமரத்தில் தாழ்வாக.

வெளியே வந்ததும் காற்றை மீண்டும் ஏற்றிவிட்டுத்தான் வேகம் எடுக்கவேண்டும்.

ஸ்ரார்ட் வராவிட்டால்

சத்தத்தைக் கேளுங்கள். ஒன்றுமே இல்லை, அல்லது ஒரு ‘டிக்’ என்றால் பற்றறி அல்லது அதன் முனைகள். முதலில் முனைகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள். அரைவாசி நேரம் அதோடு சரிவரும்.

ஜம்பர் கேபிள் ஒழுங்கு: சிவப்பு செத்த பற்றறியின் கூட்டல் முனைக்கு, மற்றச் சிவப்பு நல்ல பற்றறியின் கூட்டலுக்கு, கறுப்பு நல்லதன் கழித்தலுக்கு, கடைசிக் கறுப்பு செத்த வண்டியின் வெறும் இரும்புக்கு, பற்றறிக்குத் தள்ளி. லித்தியம் ஜம்ப் பெட்டி இருந்தால் இரவில் அதை நித்திரைப் பைக்குள் வைத்துப் படுங்கள். குளிர்ந்து போனால் அதுவும் செத்த பற்றறிதான்.

எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பெற்றோல் பம்பின் ஃபியூசைப் பாருங்கள். பம்புக்கு மின்சாரம் விடும் சுவிச்சான றிலேயில் சந்தேகம் என்றால் பக்கத்தில் அதே இலக்கம் உள்ள ஹோர்ன் றிலேயைக் கழற்றி மாற்றிப் போடுங்கள். ஹோர்ன் இல்லாமல் வீட்டுக்கு வரலாம். சில நாள் முகாமில் நின்ற வண்டி என்றால் எலி வயர் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், குளிர் தொடங்கியதும் எலிக்கு எஞ்சின்தான் வீடு.

சாவியைக் கண்டுகொள்ளவில்லை என்று காட்டினால், சாவியை ஸ்ரார்ட் பொத்தானிலேயே முட்டவைத்து அமத்துங்கள். பெரும்பாலான வண்டிகளில் வேலைசெய்யும்.

சூடேறினால், ஒழுகினால்

சூட்டு முள் ஏறினால் முதலில் முன்பக்கக் கிரில்லைப் பாருங்கள். சேறும் புல்லும் அடைத்துக் காற்றுப் போகாமல் இருப்பதே பல நேரம் காரணம். உள்ளே ஹீற்றரை உச்சத்தில் போட்டால் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் வெளியே வரும். றேடியேற்றர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். அரை மணி நேரம் பொறுங்கள்.

ஹோஸ் வெடித்திருந்தால் துடைத்து உலர்த்தி, சிலிக்கன் நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு மூடியை அரைவாசி மட்டும் இறுக்கி, அமுக்கம் ஏறாமல் மெதுவாக ஓட்டலாம்.

பெற்றோல் தாங்கியில் கல்பட்டுச் சின்ன ஓட்டை என்றால், இப்போது சவர்க்காரம். உலர்ந்த கட்டியை ஓட்டைக்கு மேல் அமத்தித் தேய்த்துத் தேய்த்து அடையுங்கள். பெற்றோல் அதைக் கரைக்காது. அண்ணைக்கு இது ஊர்ப் பழக்கம். நான் நம்பாமல்தான் பார்த்தேன். நெடுஞ்சாலை வரை தாங்கும். எஞ்சினுக்குக் கீழே ஒயில் நிற்கும் சம்பில் ஓட்டை என்றால் எப்பொக்சிக் களி. ஒயில் இல்லாமல் ஒரு கிலோமீற்றரும் ஓட்டாதீர்கள்.

பிரேக் மிதி அடிவரை போனால் தடி பட்டுப் பிரேக் குழாய் அறுந்திருக்கும். அதற்குக் காட்டில் வைத்தியம் இல்லை. வண்டி அங்கேயே நிற்கட்டும்.

இரவு

வண்டியோடு இருங்கள். தேடுகிறவர்களுக்கு மனிதரைவிட வண்டி இலகுவாகத் தெரியும். சூட்டுக்காக எஞ்சின் போடுவதானால் மணிக்குப் பத்து நிமிடம், அதற்கு முன் ஒவ்வொரு தடவையும் புகைக்குழாய் சேற்றிலோ பனியிலோ அடைபடவில்லை என்று பார்த்து, ஒரு கண்ணாடியை ஓரளவு இறக்கி. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. எங்கள் வண்டியின் குழாய் அன்றைக்குத் தண்ணீருக்குள் இருந்தது. ஆகவே எஞ்சினைத் தொடவேயில்லை. பாதையோரத்தில் நெருப்பு வளர்த்து, முறைவைத்து விழித்திருந்தோம். அண்ணை வந்து படுத்தவுடன் குறட்டை விட்டார்.

விடிந்த பிறகு நடப்பதானால் இருவராக, வந்த பாதையிலேயே, செம்மஞ்சள் உடுப்போடு. நேரமும் திசையும் எழுதிய துண்டு ஒன்று கண்ணாடியில். குறுக்குவழி என்று காட்டுக்குள் இறங்கவே கூடாது.

மூஸ் கிடைத்த பிறகு வண்டி படுத்தால்

அப்போது இரண்டு மணிக்கூடு ஓடுகிறது, ஒன்று வண்டிக்கு, மற்றது இறைச்சிக்கு. இறைச்சியை வீணாகவிடுவது ஒன்ராறியோச் சட்டப்படி குற்றம், காரணம் வண்டி என்றாலும். தோலோடு விட்டால் அந்தப் பெரிய உடம்பின் சூடு உள்ளேயே நின்று, குளிர் நாளிலும் தொடைப்பகுதி பழுதாகிவிடும். ஆகவே தோலை உரித்து, நான்காகப் பிரித்து, துணிப்பையில் போட்டு நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். பிளாஸ்ரிக் பை வேண்டாம். கரடி வரும் என்பதால் நீங்கள் படுக்கும் இடத்துக்கு நன்றாகத் தள்ளி. வண்டிப் பெட்டியில் குவித்துப் படங்கால் மூடுவதுதான் ஆக மோசம்.

உதவி வரும்போது

வீதி உதவிச் சந்தாவை நம்பிப் போகாதீர்கள். ஒழுங்காகப் பராமரிக்கும் வீதிக்குத்தான் அநேகமாக வருவார்கள். நான் கேட்டபோது ‘அந்தப் பாதை எங்கள் வரைபடத்தில் இல்லை’ என்று வந்தது பதில். புறப்படும் முன்பே அந்த ஊரில் காட்டுப்பாதைக்கு வரும் இழுவை வண்டி யாரிடம் இருக்கிறது, மணிக்கு என்ன கட்டணம் என்று விசாரித்து இலக்கத்தை எழுதிவையுங்கள். வண்டியை விட்டுவிட்டு வரவேண்டி வந்தால் துவக்குகளைக் கையோடு கொண்டுவருவது நல்லது. முடியாவிட்டால் ரவை எடுத்து, விசைப் பூட்டுப் போட்டு, கண்ணுக்குத் தெரியாமல் பூட்டி வைத்து, போல்ற்றைக் கழற்றி எடுத்துவாருங்கள்.

அன்றைக்கு எங்களிடம் செய்மதிக் கருவி இல்லை. விடிந்ததும் நானும் மச்சானும் 38 ஆவது பலகைக்கு நடந்துபோய் நின்றோம். பத்து மணி தாண்டித்தான் ஒரு வண்டி வந்தது. பிரெஞ்சு பேசும் இரண்டு பேர், அப்பனும் மகனும், வேட்டைக்காரர்கள். ஆங்கிலம் அவர்களுக்கும் அரைகுறை, எங்களுக்குப் பதற்றத்தில் அரைகுறை. வந்த வழிக்கே பின்னுக்கு இழுத்தார்கள், நாற்பது நிமிட வேலை. காசு வாங்கவில்லை. குளிர்ப்பெட்டியில் மிஞ்சியிருந்த ஆட்டிறைச்சி ரோல்ஸை நெருப்பில் சுட்டுக் கொடுத்தோம். மகன் நான்கு சாப்பிட்டான்.

ஆனால் பட்டியைக் கொளுவ முதல் அந்த அப்பன்காரர் செய்தது ஒன்று இருக்கிறது. கரையில் நின்ற ஸ்புரூஸ் கன்று ஒன்றை வெட்டிக் கிளை சீவி, அந்தத் தடியால் தண்ணீரைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டு அக்கரைவரை நடந்து திரும்பினார். ஒவ்வொரு குத்துக்கும் தடி இரண்டடி உள்ளே போனது. அண்ணை நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவேயில்லை.